சகலையின் வரியில்லாத விளக்கு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் சேத்தியாத்தோப்பில் அகல் விளக்கு செய்தார். நான் விருத்தாசலத்தில் அகல் விளக்கு செய்தேன். இரண்டு பேருக்கும் மண் கொண்டுவந்து கொட்டியது ஒரே லாரிக்காரர்தான். சகலை அந்த மண்ணைப் பிசைந்து பிரஸ்ஸில் அடித்து, காயவைத்து, விறகுச் சூளையில் சுட்டு அப்படியே விற்றுவிடுவார். சிவப்பு அகல். நான் அதே மண்ணில் கல்பொடி கலந்து, அச்சில் வார்த்து, ஒருமுறை சுட்டு, மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூசி, மறுபடியும் கேஸ் சூளையில் சுடுவேன். பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும். என் விளக்கு எண்ணெய் குடிக்காது, வாசற்படியில் கறை வைக்காது, கழுவி அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம்.

இந்த வித்தியாசத்தில் எனக்கு ரொம்ப நாள் ஒரு பெருமை இருந்தது. நான் செராமிக் படித்தவன். அடுத்தவர் கம்பெனியில் சூளை பார்த்து, பிறகு தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டையும் அகல் விளக்குமாகச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவன். சகலை செங்கல், மணல் என்று கமிஷனுக்குப் பேசிக்கொண்டிருந்தவர். கல்யாணமான புதிதில் என் ஷெட்டுக்கு வந்து ஒரு மதியம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். "இம்மாஞ் சின்ன சாமானுக்கு இம்மாம் வேலயா சகல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த கார்த்திகைக்குள் பிரஸ் வாங்கிப் போட்டு அகல் அடிக்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்துத்தான் வந்தார் என்பதால் அவர்மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை. எனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட.

பழமலைநாதர் கோயில் பக்கத்துக் கடைகளில் கார்த்திகைக்கு இரண்டு பேர் விளக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் இருக்கும். வருகிறவர்கள் முதலில் என் கூடையில்தான் கை வைப்பார்கள். விலையைக் கேட்டுவிட்டு அவர் கூடைக்கு நகர்கிறவர்களும் உண்டு. அதெல்லாம் வியாபாரத்தில் சகஜம் என்று விட்டுவிடுவேன்.

வாட் வரி வந்ததும்தான் எல்லாம் மாறியது.

இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி போய் வாட் வந்தது. அதற்குச் சற்று முன்னால் எங்கள் தொழிற்பேட்டைச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வணிகவரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஊர் ஊராகப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. இடையிடையே வெந்நீர் குடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். பொருளை எல்லாம் பட்டியல் பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றுக்கு நாலு சதவீதம். எதிலும் பெயர் சொல்லாத பொருளுக்குப் பன்னிரண்டரை. கடைசியாக ஒரு பட்டியல், அதில் இருக்கும் பொருளுக்கு வரியே கிடையாது. அந்தக் கடைசிப் பட்டியலை அவர் வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டத்தில் யாரும் இருமக்கூட இல்லை. அவரவர் பொருள் வருகிறதா என்று பார்த்திருந்தோம். மண்பானை என்றார். மண்ணால் செய்த அகல் விளக்கு என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆங், அது நம்முளுது!" என்றது. திரும்பிப் பார்த்தேன். சகலை. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். சங்கத்தில் அவர் உறுப்பினர்கூட இல்லை.

நான் எழுந்து நின்றேன். "மேடம், நானும் அகல் விளக்குதான் செய்யறன். அப்ப எனக்கும் இல்லதானே?"

"எப்படிச் செய்யறீங்க சார்?"

சொன்னேன். பூச்சு, இரண்டாவது சுடுதல், எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பூச்சு போட்டா அது செராமிக் சாமான் சார். பன்னண்டரையில வரும்."

"அதுலயும் எண்ணெ ஊத்தி சாமிக்குத்தான் மேடம் ஏத்துறாங்க."

"சாமிக்குன்னு சட்டத்துல எழுதல சார். மண்ணுன்னு எழுதியிருக்குது."

கூட்டம் சிரித்தது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, தொண்டை வலியில் சுருக்கமாகச் சொன்னார். ஆனால் பின் வரிசையில் எழுந்த சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சகலை என் தோளில் கை போட்டார். "வாங்க சகல, ஒரு டீ சாப்புடுவம். நா வாங்கித் தரன். வரி இல்லாதவன் வாங்கித் தரணும், அதான மொற?"

சூளை பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. மாதாமாதம் ரிட்டர்ன் என்று வரிக் கணக்கு போடவேண்டும். விற்ற பில், வாங்கின பில் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு கடைவீதி மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் உட்காருவேன். அந்த நேரம் பார்த்து சகலையிடமிருந்து போன் வரும். "இன்னா சகல, ரிட்டன் போட்டாச்சா? நா சும்மாதான் இருக்கறன். அதான் பேசலாம்னு." அவர் சும்மா இருக்கிற மனிதர் இல்லை என்று எனக்குத் தெரியும். சூளைக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் அவர் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

சிதம்பரம் போகவேண்டிய வேலை வந்தால், சேத்தியாத்தோப்பில் அவர் கொட்டகை எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்காருவேன். வாசலில் லாரி நிற்கிறதா, எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள், புதிதாக ஏதாவது ஷெட் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். பஸ் அங்கே மெதுவாகப் போகும். அவர் வெளியே நின்றால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். மழை வந்தால் இன்னும் மோசம். என் ஷெட் கூரையில் ஓட்டை இருந்தது, கீழே கிளேஸ் மூட்டை இருந்தது. ஆனால் வானம் இருட்டினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் திறந்தவெளியில் காயப்போட்டிருக்கும் சுடாத அகல்கள்தான். இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமே என்று நினைப்பேன். அப்புறம்தான் என் மூட்டையை நகர்த்தப் போவேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு நல்லூரில் மாமியார் வீட்டுக்குப் போனோம். கறிக்குழம்பு, இட்லி. நானும் சகலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "சின்ன மாப்ளைக்கு ஒரு தொல்லையும் இல்ல. கெவுருமெண்டே பாத்து, நீ வரி கட்ட வாணாம்பான்னு வுட்டுடுச்சாம். பெரிய மாப்ளதான் பாவம், எப்பப் பாத்தாலும் கணக்கும் கையுமா கெடக்குறாரு."

அரசாங்கம் என் சகலையின் முகத்தைப் பார்த்து, இவர் நல்லவர் என்று விட்டுவிட்டதுபோல இருந்தது அத்தை சொன்னது. சகலை அதை மறுக்கவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நான் பாதி இட்லியிலேயே கை கழுவ எழுந்துவிட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்குது."

"அம்மா வெவரம் தெரியாம சொல்றாங்க. அதுக்குப் போயி சாப்பாட்ட வுட்டு எழுந்திரிக்கறதா?"

"நா எழுந்தது வயிறு நெறஞ்சி."

"வயிறு நெறயல. எரிஞ்சுது," என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் தங்கை கழுத்தில் புதிதாக ஒரு சங்கிலி ஏறியிருந்தது கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தப் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். அவருக்கு இல்லாத வரி எனக்கும் இருக்கக்கூடாது.

மறுநாளே ஆடிட்டரிடம் போனேன். அவர் என்னைவிட வயதில் சிறியவர், வேகமாகப் பேசுகிறவர். ஒரு பொருளுக்கு வரிவிலக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஆபீசருகிட்ட கேட்டா கெடைக்காதுங்க. அவங்க சட்டத்துக்கு அர்த்தம்தான் சொல்லுவாங்க. பட்டியல மாத்தணும்னா கவர்மெண்டு மாத்தணும். சங்கத்து மூலமா எழுதிக் குடுங்க. பட்ஜெட்டுக்கு முன்னாடி வியாபாரிங்கள கூப்புட்டுக் கேப்பாங்க, அங்க போயி பேசுங்க. மனசு வச்சாங்கன்னா சட்டசபையில சொல்லுவாங்க. சொன்னாலும் போதாது, ஆணை வரணும்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆனா ஒண்ணுங்க, விலக்கு வந்தா உள்ளீட்டு வரி விஷயம் ஒண்ணு இருக்குது, அதையும் யோசிச்சுக்கங்க."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்," என்றேன். அவர் மேலும் ஏதோ சொன்னார். என் மனதில் இட்லியும் எலும்பும் ஓடிக்கொண்டிருந்தன.

சங்கத்தில் பேசுவது சுலபமாக இல்லை. ஒருவர் இன்சுலேட்டருக்கு விலக்கு வேண்டும் என்றார். ஒருவர் ஃபியூஸ் கட்டைக்குக் குறைத்தால் போதும் என்றார். ஜாடி செய்கிறவர், ஊறுகாய் ஏழைகள் சாப்பிடுவது, அதனால் ஜாடிக்கு விலக்கு என்றார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "எல்லாத்தையும் கேட்டா எதுவும் கெடைக்காது. ஒண்ணே ஒண்ணு கேப்பம். சாமி வெளக்குன்னா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. அகல் வெளக்கையே கேட்டுடுவம்."

எனக்கு அன்று காற்றில் நடப்பதுபோல இருந்தது. அது அடுத்த நிமிடமே போனது. சென்னையில் யார் பேசுவது என்று கேட்டார்கள். நான் பேசுகிறேன் என்றேன். தலைவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மேடையில் பேசினால் வாய் உலர்ந்துவிடும் என்பது தொழிற்பேட்டைக்கே தெரியும். ஆண்டுவிழாவில் நன்றியுரை சொல்லப் போய், பாதியில் வந்து உட்கார்ந்தவன் நான்.

"ஒங்க சகலைய கூட்டிக்கிட்டுப் போவம்ங்க. அன்னிக்கு ஒரு வார்த்தைதான் பேசுனாரு, கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. நம்ம பக்கம் வந்து பேசுவாரா?"

என் பொருளுக்காகப் பேசவும் அவர்தான் வேண்டியிருந்தது. வர மாட்டார் என்று நம்பிக்கொண்டுதான் மனைவியிடம் சொன்னேன். எனக்கு விலக்கு கிடைத்தால் விலை குறையும், என் விளக்கு அவர் விளக்கை அடித்துவிடும். இது தெரியாத ஆள் இல்லை அவர். ஆனால் மனைவி தங்கைக்குப் போன் போட்டாள், தங்கை போனைப் புருஷன் கையில் கொடுத்தாள், அவர் ஒரு நொடி யோசிக்காமல், "வரன்னு சொல்லுங்க" என்றார். ஏன் வருகிறார் என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஜங்ஷனில் ரயில் ஏறினோம். சங்கத் தலைவர், நான், சகலை, இன்னும் இரண்டு பேர். விழுப்புரம் வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் சகலையைத் தெரிந்துவிட்டது. எதிர் சீட்டு அம்மா அவருக்கு முறுக்கு கொடுத்தார். என் பக்கம் பையை நீட்டவில்லை.

சென்னையில் பட்ஜெட்டுக்கு முன் கருத்துக் கேட்கும் கூடத்தில் பலபல ஊர் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கு வரி அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பக்கத்துப் பொருளைத்தான் கை காட்டினார்கள். தென்னங்குச்சி விளக்குமாறுக்கு இல்லாத வரி பிளாஸ்டிக் விளக்குமாறுக்கு ஏன் என்றார் ஒருவர். பெயர் அச்சடிக்காத பாக்கெட்டுக்கு இல்லை, பெயர் போட்டதால் எனக்கு உண்டா என்றார் ஒருவர். கூடம் முழுக்க எனக்கு வந்த வியாதியே வந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

எங்கள் முறை வந்தது. சகலை எழுந்து, பையிலிருந்து இரண்டு அகல்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று அவருடைய சிவப்பு, ஒன்று என் பச்சை.

"ஐயா, இந்த செவப்பு நா செஞ்சது. இதுக்கு வரி இல்ல. இந்தப் பச்சை இவுரு செஞ்சது. இதுக்கு பன்னண்டரை. இவுரு யாருன்னா என்னோட சகல. ரெண்டு பேருக்கும் மண்ணு கொட்டறது ஒரே லாரி. ரெண்டு பேருக்கும் பொண்ணு குடுத்தது ஒரே வூடு. கார்த்திக அன்னிக்கு எங்க மாமியா ரெண்டையும்தான் ஏத்தி வக்கிறாங்க. வரி கட்டின வெளக்கு கூட எரியுதா, கட்டாத வெளக்கு கம்மியா எரியுதான்னு நானும் பாத்தன். ஒரே மாதிரிதாங்க எரியுது. பூச்சு பூசினதுக்கு ஏங்க இவுருக்கு தண்டன?"

கூடம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் அந்தப் பச்சை அகலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது விளக்குமாறுக்காரரும் பாக்கெட்காரரும் சகலையைச் சுற்றிக்கொண்டார்கள். எந்த ஊரு, என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டார்கள். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். காரியம் நடந்துவிடும் என்று மனதுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு நல்லது நடக்கப்போகிறது, அதை அவர் செய்துவிட்டார். இரண்டையும் ஒன்றாக விழுங்க முடியவில்லை.

சட்டசபையில் அறிவித்த அன்று ஜங்ஷன் பக்கத்து டீக்கடை டிவியில் கேட்டேன். பல பொருட்களுக்கு நடுவே, பூச்சு பூசிய அகல் விளக்குக்கும் விலக்கு என்று வந்தது. ஆடிட்டர் சொன்னதுபோல ஆணை வரக் கொஞ்ச காலம் ஆனது. வந்த தாளில், மண்ணால் செய்த அகல் விளக்கு என்று ஏற்கெனவே இருந்த வாசகத்தோடு 'பூச்சு பூசியது உட்பட' என்று மட்டும் சேர்த்திருந்தார்கள். சங்கத்தில் பாராட்டு வைத்தார்கள். சகலைக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாடிக்காரர், "நல்ல சகல கெடச்சாருங்க ஒங்களுக்கு," என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த ரிட்டர்னுக்குப் போனபோதுதான் ஆடிட்டர் விஷயத்தை உடைத்தார். இத்தனை நாள் நான் கிளேஸ், கலர், பிளாஸ்டர், அட்டைப்பெட்டி வாங்கும்போது கட்டின வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அன்று சொன்ன உள்ளீட்டு வரி இதுதான். இனிமேல் விளக்குக்கு அப்படிக் கழிக்க முடியாது.

"வரி போடாத சரக்குக்கு, வாங்கின எடத்துல கட்டின வரி திரும்ப வராதுங்க. அது ஒங்க செலவு. கைவசம் இருக்குற ஸ்டாக்குக்கு ஏற்கெனவே கழிச்சதையும் திருப்பிக் கட்டணும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னங்க. அப்பறம் பாத்துக்கலாம்னீங்க."

வீட்டுக்கு வருவதற்குள், என்னிடம் விளக்கு வாங்கும் சென்னை மொத்த வியாபாரி போன் செய்தார். "விலக்கு வந்துடுச்சாமே, சந்தோஷம். அப்ப அந்தப் பன்னண்டரைய அப்படியே வெலையில கொறச்சிடுங்க." என் செலவு கூடியிருக்கிறது என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. வரி இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது, நான் கட்டுகிற வரி யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிச் சேத்தியாத்தோப்பு போனேன். இந்தத் தடவை குனியவில்லை. இறங்கி நேராக அவர் கொட்டகைக்குள் போனேன். அதற்கு முன்னால் நான் அங்கே போனதே இல்லை. நான் ஜன்னலில் பார்த்ததைவிடச் சின்ன இடம். பிரஸ்ஸின் கைப்பிடி உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. சகலை லுங்கியோடு மண் மிதித்துக்கொண்டிருந்தார்.

"சகல! வாங்க வாங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டேன். "விலக்குன்னா வாங்கற எடத்துல கட்டற வரி நம்ம தலையிலயே நின்னுடும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மெஷினுக்குக் கட்டுனது, பொட்டிக்குக் கட்டுனது, எல்லாம் நம்ம தலையிலதான். ஒரு பைசா திரும்புல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே சகல. நானா வந்து சொல்லியிருந்தா, இவன் வயித்தெரிச்சல்ல சொல்றான்னு நெனச்சிருப்பீங்க. இல்ல?"

ஆமாம் என்று எனக்கே தெரிந்தது. அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, கேட்காமலே பேச ஆரம்பித்தார். புது பிரஸ் வாங்கப் பேங்குக்குப் போனாராம். வாட் ரிட்டர்ன் காப்பி கொண்டுவரச் சொன்னார்களாம். ரிட்டர்ன் இல்லை, எனக்கு வரியே இல்லை என்றாராம். அப்படியென்றால் நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெங்களூரில் ஒரு பெரிய கடை, வரித்துறை கொடுக்கும் டின் நம்பர் இல்லாத பில்லை எங்கள் கணக்கில் ஏற்ற முடியாது என்று ஆர்டரை நிறுத்திவிட்டதாம்.

"ஒங்களுக்கு ஒரு நம்பர் இருக்குது சகல. பில்லு புக்குல பேருக்குக் கீழ அடிச்சி வச்சிருக்கீங்களே, அந்த நம்பரு. எங்க போனாலும் மரியாத. நீங்க ஆடிட்டர் ஆபீசுல இருக்கறன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்படியே பத்திக்கும். அதான் சும்மா சும்மா போன் போட்டு ஒங்கள வம்புக்கு இழுப்பன்."

அந்த வருடங்களில் என் காதில் விழுந்த சொற்களிலேயே இனிப்பானவை அவைதான். இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"அப்பறம் எதுக்கு மெட்ராஸ் வந்து எனக்காகப் பேசுனீங்க?"

சகலை சிரித்தார். "என்னால மேல வர முடியல. நீங்களாவது எறங்கி இந்தப் பக்கம் வந்துட்டா, ரெண்டு பேரும் சமமாயிடுவமேன்னுதான்."

நானும் சிரித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சினி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர்மேல் கோபம் வரவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்து, எனக்கு அவருடைய வாயும் இருந்திருந்தால், நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு விளக்கைக் கார்த்திகைக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். ஃபியூஸ் கட்டையைக் கூட்டினேன். அதற்கு வரி உண்டு, வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியும். பில்லில் வரி போடும்போது முன்பு இருந்த எரிச்சல் போய்விட்டது. கொஞ்சம் அழுத்தியே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

சகலை சும்மா இருக்கவில்லை. இரண்டு கார்த்திகை கழித்துத் தொழிற்பேட்டையிலேயே, என் ஷெட்டுக்கு நாலு ஷெட் தள்ளி ஓர் இடம் பிடித்தார். பூச்சு பூசிய பூந்தொட்டி போட ஆரம்பித்தார். பூந்தொட்டிக்குப் பன்னிரண்டரை உண்டு. வேண்டுமென்றே வரி உள்ள பொருளாகத் தேடி எடுத்திருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். டின் நம்பர் வந்த அன்று மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். தங்கை குடும்பம் உள்ளூருக்கு வந்துவிட்டதே. கிளேஸ் கலக்கும் பக்குவம் கேட்டார், சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. பச்சைக்கு நான் சேர்க்கும் கலரின் அளவைச் சொல்லவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் மஞ்சளும் பழுப்பும் போட்டு, பெங்களூர் கடையில் அதுவே அதிகம் ஓடியது. பேங்கும் கடன் கொடுத்தது.

ரிட்டர்ன் போட அவரும் என் ஆடிட்டரிடமே வந்தார். முதல் மாதம் இரண்டு பேரும் பில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசல் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா சகல இது, மாசாமாசம் இப்படியா? ஒரு நாளு பொழப்பே போச்சு," என்று சலித்துக்கொண்டார். ஆனால் முகத்தில் சலிப்பு இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து ஆபீஸ் பெண் எட்டிப் பார்த்தாள். நான் எழுந்தேன். அவருக்கு முன்னால் வந்தவன் நான். அந்த ஆபீஸுக்கு எத்தனையோ வருடமாக வருகிறவனும் நான்தான்.

"பூந்தொட்டி சார், நீங்க வாங்க," என்றாள்.

சகலை என்னைப் பார்த்தார். "நீங்க மொதல்ல போங்க சகல. நீங்கதான் முன்னாடி வந்தீங்க."

"பரவாயில்ல. அவுங்க ஒங்களதான கூப்புட்டாங்க. போயிட்டு வாங்க."

போனார். கதவுக்கு அந்தப் பக்கம் ஆடிட்டர் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அவர் என்னிடம் அப்படிச் சிரித்ததே இல்லை. நான் உட்கார்ந்து என் பில்களை மறுபடியும் வரிசைப்படுத்த ஆரம்பித்தேன்.